அவளுக்கு மட்டும் ஒத்துவராத வாசனை

அழகு நிலையத்தில் எல்லோரும் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் தலைமுடியையெல்லாம் வழவழவென்று நேராக்கி அனுப்புகிறவளுடைய சொந்த முடி மட்டும் எந்தச் சீப்புக்கும் மசியாது. சாயத்தின் நெடியிலும் ஷாம்பு வாடையிலும் வருஷக்கணக்கில் நின்று தன் மூக்கு செத்துப்போய்விட்டது என்றே அவள் நம்பியிருந்தாள், கறுப்புச் சால்வைக்காரி வந்து உட்காரும்வரை.

சால்வையை வாங்கி மாட்டப் போன கை அப்படியே நின்றுவிட்டது. கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிய சர்க்கரைப்பாகு, கசப்புச் சாக்லேட், அதற்கும் அடியில் எங்கோ விறகு புகைவதுபோல ஒரு காரம். வாயில் எச்சில் ஊறியது. சாயம் பூசும் சாக்கில், தேவையே இல்லாமல் பின்கழுத்துப் பக்கம் குனிந்து குனிந்து மூச்சை இழுத்தாள். கடைசியில் அடக்க முடியவில்லை.

"மேடம், என்ன சென்ட் போட்டிருக்கீங்க?"

சால்வைக்காரி கண்ணாடிக்குள் சிரித்தாள். "அதை மட்டும் கேக்காதீங்க. சொன்னா ஆளாளுக்குப் போட ஆரம்பிச்சுடுவாங்க."

"நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

சுருட்டைக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் ஆசை சுண்டவில்லை. விடுமுறை நாளில் கடை கடையாக ஏறி இறங்கினாள். "கருகின சர்க்கரை மாதிரி, ஆனா கருகல. புகை மாதிரி, ஆனா இருமல் வராது" என்று அவள் விவரித்தால், விற்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி ரோஜா வாசனையை நீட்டினாள். இன்னொருத்தி நீட்டியது மருத்துவமனையைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கடைசியாகப் போன கடையில், கறுப்புக் குப்பி ஒன்றிலிருந்து காகிதத் துண்டில் அடித்து நீட்டினார்கள். அதேதான்! கையில் பூசிப் பார்க்கக்கூடத் தோன்றாமல் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

குளித்து, நல்ல உடை உடுத்தி, கழுத்தில் ஒரு தடவை அடித்துக்கொண்டாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து வந்த கணவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரைக்கு ஓடினான்.

"என்னத்தை அடுப்புல வச்சுட்டு மறந்த?"

"அடுப்பே பத்த வைக்கலங்க."

"அப்ப ஒயரு கருகுது. மெயினை ஆஃப் பண்ணு!"

தன் மணிக்கட்டை முகர்ந்து பார்த்தாள். அவன் சொன்னது பொய்யில்லை. சர்க்கரையும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. டயர் எரிந்த வாடை. காகிதத்தில் தேனாக இருந்தது அவள் தோலில் தாராக மாறியிருந்தது. மறுநாள் காதுக்குப் பின்னால் அடித்துப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் பார்த்தாள். எண்ணெய் தடவி அதன்மேல் பார்த்தாள். எங்கே அடித்தாலும் டயர்தான்; கழுவினாலும் லேசில் போகவில்லை.

சால்வைக்காரி மறுபடி வந்தபோது அதே வாசனை அவள்மேல் பட்டாக வழிந்துகொண்டிருந்தது. சுருட்டை குனிந்ததும் சால்வைக்காரி மூக்கைச் சுருக்கினாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்க போல?"

சுருட்டை கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். சால்வைக்காரி அவள் கையைப் பிடித்து முகர்ந்து, பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டாள். "பரவாயில்ல. உங்க மேல வேற மாதிரி இருக்கு."

அந்தப் 'பரவாயில்ல'தான் சுருட்டையைக் கொன்றது. அன்று சீப்பு கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது.

வீட்டுக்கு வந்தவள், கதவில் தொங்கிய கணவனின் வேலைச் சட்டைமேல், ஆத்திரம் தீரப் புஸ் புஸ்ஸென்று அடித்தாள். அவனும் ஒரு நாள் டயரோடு அலையட்டும்.

மறுநாள் அவன் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

"எந்த மாடிக்குப் போனாலும் கேக்குறாங்க, என்ன சென்ட்டுன்னு. மூணாவது மாடி அம்மா, லிஃப்ட் சரியான பிறகும் இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. சட்டையில என்ன போட்டே?"

அவள் பாய்ந்து போய் அவன் கழுத்தில் மூக்கை வைத்தாள். கிரீஸும் வியர்வையும் கலந்த அந்தத் தோலில் பாகு பதமாக இறங்கியிருந்தது. சாக்லேட், புகை, எல்லாம் அளவாக. சால்வைக்காரிகூட இரண்டாம்பட்சம்தான். சுருட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. சோப்புக்கும் பெயின்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்!

அதிலிருந்து தினமும் காலையில் அவனே எடுத்து அடித்துக்கொண்டான். வாசனை அவனோடு படியிறங்கிப் போகும். சாயங்காலம் திரும்புவது வெறும் கிரீஸ் மட்டும்தான். ஊர் முழுக்க முகர்ந்து முடித்த மிச்சம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

"லீவு நாள்ல வீட்டுல இருக்கும்போது போட்டுக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

"வீட்டுல எதுக்கு வீணாக்கிக்கிட்டு?"

அவ்வளவுதான். பொங்கிவிட்டாள். "யாரு தேடி அலைஞ்சது? யாரு அந்தப் பொம்பளைகிட்ட அவமானப்பட்டது? நீங்க மூணாவது மாடிக்கு மணக்கிறதுக்கா நான் கடை கடையா நாயா அலைஞ்சேன்?" குப்பியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது இங்கே கேட்டது.

விடுமுறை நாள் மதியம் அவளே பூட்டைத் திறந்து, அவனை நிற்கவைத்து, கழுத்தில் இரண்டு பக்கமும் அடித்துவிட்டாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். அவள் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து, அவன் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"என்ன, திடீர்னு பாசம் பொங்குது?"

"உங்க மேல ஒண்ணும் இல்ல. வாயை மூடிட்டு டிவி பாருங்க."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சை ஆழமாக இழுத்தாள். ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஆசையும் எரிச்சலும் சேர்ந்தே உள்ளே போயின.