8155 யாருக்குச் சொந்தம்?

குளிர் அறைக் கதவுக்கு மேலிருந்த திரை மறுபடியும் இருண்டது. மணி பத்து ஏழு.

கறுப்பில் வெள்ளையாக ஒரே ஒரு வரி: 'தரவு இல்லை.'

கொழும்பு கொச்சிக்கடையில், துறைமுக மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்த மருந்துக் களஞ்சியம். உள்ளே கூரை முட்ட இன்சுலின் பெட்டிகள். இரண்டு பாகை செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, அறையும் குளிர்ந்தபடியே இருந்தது. எத்தனை பாகை என்று சொல்ல வேண்டிய திரை மட்டும் ஊமையாகிவிட்டது.

"திரும்பவும் செத்துப் போய்த்தா?"

பின்னால் பௌஸி ஹாஜியார். களஞ்சியத்தின் முதலாளி. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். இப்போது அது கையில்தான் இருந்தது.

"கரண்ட் போய் வந்துச்சுங்க ஹாஜியார். யூபிஎஸ் பெட்டரியும் தாங்கல. பார்க்கிறேன்" என்றாள் அனுஷியா.

"போன கிழமையும் ரெண்டு தரம் இதே கத. நீ ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாய், வந்திச்சி. இண்டக்கி அது சரிவராது மகள். பதினொரு மணிக்கு இன்சுலின் கம்பெனி ஆக்கள் வாராங்க. மெயின் சுவிச்ச இழுத்துப் பாப்பாங்களாம். யூபிஎஸ்ஸயும் நிப்பாட்டித்தான். யாரும் கை வெக்காம அஞ்சு நிமிஷத்துல ஸ்க்ரீன் தானா வரோணும்."

"வராட்டி?"

"வராட்டி நாளைக்கு வெளிக் கம்பெனி ஒண்டு வந்து உன்ட சேர்வரக் கழட்டும். நான் செல்லி வெச்சாச்சி."

அவர் போய்விட்டார். 'உன்ட சேர்வர்' என்ற சொல் மட்டும் போகவில்லை.

அது அவளுடையதுதான். எட்டு மாதத்துக்கு முன் இங்கே ஆறு கிழட்டுக் கணினிகள் ஆளுக்கொரு மூலையில் இருமிக்கொண்டிருந்தன. மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து படிப்பு முடித்து வந்த அனுஷியா, ஆறையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு சேர்வரை வாங்க வைத்தாள். அதற்குள் ஆறு விர்ச்சுவல் மெஷின்கள். ஒரே வீட்டில் ஆறு குடித்தனம். ஒவ்வொன்றும் தனக்குத் தனி வீடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும். வாசல் ஒன்றுதான். ஆகவே யாரைக் கூப்பிடுகிறோம் என்பதற்கு ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு போர்ட் எண்.

அந்த எண்கள் யாருக்கும் மறக்காமலிருக்க ஒரு வழியும் செய்திருந்தாள். எட்டாயிரத்தோடு, அந்த மெஷினைப் பார்த்துக்கொள்பவர் வேலைக்கு வரும் பஸ்ஸின் இலக்கத்தைக் கூட்டிக்கொள்வது. அவள் வெள்ளவத்தையிலிருந்து 155இல் வருகிறவள். ஆகவே வெப்பநிலை மெஷின் 8155. பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. எட்டு மாதமாகக் குடித்தனங்களுக்குள் சண்டை இல்லை.

போன மாதம் வரை.

மணி பத்து பதினெட்டு. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். சரி. குளிர் அறையின் உணரியைப் பார்த்தாள். சரி. தன் மெஷினுக்குள் நுழைந்து பார்த்தபோதுதான் நெற்றி சுருங்கியது. உள்ளே எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. 4.1, 4.1, 4.2 என்று நிமிடத்துக்கொரு தரம் எழுதிக்கொண்டிருந்தது மெஷின். எழுதியதை வாசலுக்குக் கொண்டுபோக மட்டும் முடியவில்லை.

யாரோ வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

யோசி, யோசி. முறைப்படி நிறுத்தித் தொடக்கினால் திரை வருகிறது. கரண்ட் சடாரென்று போய் வந்தால் வருவதில்லை. என்ன வித்தியாசம்? வழக்கமாக முதலில் எழும்புவது அவள் மெஷின். சடாரென்று போனால் அது எழும்பும்போது தன் டிஸ்கை ஒருமுறை சரிபார்க்கும். இரண்டு நிமிடம் பிந்தும்.

அந்த இரண்டு நிமிடத்தில் உள்ளே புகுவது யார்?

மணி பத்து முப்பத்தொன்று. கதவு தள்ளப்பட்டது. ராகுலன், கூட வேலை செய்பவன், வியர்வையோடு வந்து கதிரையில் விழுந்தான்.

"இந்தப் பஸ்ஸுக்கு ஒரு முடிவில்லையப்பா. முக்கால் மணித்தியாலம் நிண்டனான். என்ன, உம்மட ஸ்க்ரீன் இன்றைக்கும் விரதமோ?"

"அண்ணா, பகிடிக்கு நேரமில்ல. பதினொரு மணிக்கு என் கழுத்துக்குக் கத்தி."

"சரி, சரி." தன் கணினியைத் திறந்தவன், மேசையில் தட்டினான். "ஆ! என்ட பார்கோட் மெஷின் எழும்பீட்டுது! நேற்றுப் பின்னேரம் முழுக்கச் செத்துக் கிடந்தது. நான் எழுதின கோடுதான் பிழையெண்டு ராத்திரி நித்திரையும் இல்ல."

அனுஷியாவின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

"நேத்து செத்துக் கிடந்துச்சா? நேத்து என் ஸ்க்ரீன் நல்லா இருந்துச்சு."

"அதுக்கு?"

"போன செவ்வாய்க்கிழமை?"

"செவ்வாய்... ஓம், செவ்வாய் நல்லா ஓடினது."

"செவ்வாய் என்னோடது செத்துச்சு."

எந்த எண்ணை எந்த மெஷின் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் கட்டளையை அவள் தட்டினாள். வரிகள் ஓடி நின்றன.

8155: பார்கோட்.

"அண்ணா! 8155 என்னோட நம்பர்! அதை எதுக்கு எடுத்தீங்க?"

"நீர்தானே சட்டம் போட்டனீர்? 8176இல ஸ்டொக் மெஷின் ஓடுது. இது புது மெஷின். புது மெஷினுக்குப் புது பஸ்."

"நீங்க நுகேகொடையில இருந்து நூத்தி எழுபத்தாறுலதானே..."

"கலியாணம் கட்டி ஒரு மாசமாச்சு, நினைவில்லையோ? இப்ப இருக்கிறது நிரோஷாட வீட்டில. வெள்ளவத்தை. நானும் நூற்றைம்பத்தஞ்சுதான்."

ஒரு மனிதன் வீடு மாறியதால் ஒரு சேர்வர் தடுமாறியிருக்கிறது! முதலில் எழும்புகிறவருக்கு எண். பிந்தியவருக்கு மூடிய கதவு. ராகுலனின் மெஷின் சின்னது, அரை நிமிடத்தில் எழும்பிவிடும். கரண்ட் சடாரென்று போன நாளெல்லாம் அவள் மெஷின் டிஸ்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, அவன் வாசலில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

சிரிப்பு வந்தது. அதை விழுங்கினாள். மணி பத்து நாற்பத்தைந்து.

"உங்க மெஷினை நிப்பாட்டுங்க. வேற நம்பர் தாறேன்."

"நூறாம் நம்பர் பஸ்ஸும் வெள்ளவத்தையாலதானே போகுது. 8100 தாருமன்."

"பஸ் எல்லாம் முடிஞ்சுது." சுவரிலிருந்த பட்டியலைக் கிழித்தாள். "8201. இனிமே வரிசையா. எடுக்க முந்தி யாரு வச்சிருக்காங்கன்னு பார்த்துட்டுத்தான் எடுக்கணும்."

அவன் மாற்றினான். அவள் சரிபார்த்தாள். 8155இல் இப்போது ஒரே ஒரு பெயர். வெப்பநிலை.

ஒத்திகை பார்க்க நேரமிருக்கவில்லை. பத்து ஐம்பத்தாறுக்கே வாகனம் வந்து நின்றது.

இன்சுலின் கம்பெனியின் பரிசோதகர் டில்ஷானி, சிரிப்பைச் செலவழிக்காத பெண். சிங்களத்தில் இரண்டு கேள்வி கேட்டார். யூபிஎஸ்ஸை நிறுத்தச் சொன்னார். பிறகு தன் கையாலேயே மெயின் சுவிச்சை இழுத்தார்.

இருட்டு. சில விநாடியில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் வந்தன. திரை வரவில்லை.

ஒரு நிமிடம். ஹாஜியாரின் தொப்பி கையில் சுழன்றது.

இரண்டு. "என்ட மெஷின் வந்திட்டுது" என்று ராகுலன் காதோரம் முணுமுணுத்தான். "8201இல."

மூன்று. டில்ஷானி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றே முக்கால். திரை ஒருமுறை கண் சிமிட்டியது.

4.2.

ஹாஜியார் தொப்பியைத் தலையில் வைத்தார். டில்ஷானி குறித்துக்கொண்டு, இதைச் செய்தது எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

"கம்பெனியா? எங்கட ஆள்! அனுஷியா!" சிங்களத்தில் தொடங்கியவர் உற்சாகத்தில் தமிழுக்குத் தாவிவிட்டார். "வெளிய ஒருத்தனும் இல்ல!" பிறகு அவள் பக்கம் குனிந்தார். "என்ன பிழ மகள் இருந்திச்சி?"

"ஒரே நம்பரை ரெண்டு பேர் எடுத்துட்டாங்க ஹாஜியார். நம்பர் குடுக்கிற முறை நான் போட்டது. பிழை என்னோடது." நிமிர்ந்தாள். "திருத்தினதும் நான்தான்."

டில்ஷானி குறிப்பேட்டை மூடி, போதும் என்று தலையசைத்தார். அனுஷியா அசையவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள்:

"ஒரு தரம் வந்தா அதிர்ஷ்டம்னு நினைப்பீங்க மேடம். இன்னொரு தரம் இழுத்துப் பாருங்க."

"தவ சரயக்?" இன்னொரு தரமா என்று கேட்ட டில்ஷானியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. கை சுவிச்சுக்குப் போனது.

மறுபடியும் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஹாஜியார் கைபேசியில் யாருக்கோ சத்தமாகச் சொல்வது கேட்டது: "நாளைக்கி வராதீங்க தம்பி. ஓ, ஓ... தேவப்படாது. எங்களுக்கு ஆள் இரிக்கி."

விளக்குகள் வந்தன. இந்த முறை அனுஷியா திரையைப் பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, திரையையே பார்த்து நின்ற மற்றவர்களின் முகங்களைப் பார்த்தாள்.

மூன்றே முக்கால் நிமிடத்தில் அந்த முகங்கள் மலர்ந்தன.