ஏணியைப் பிடித்தவள்

ஒயர்க்காரர் இறந்து இருபத்திரண்டாம் நாள், மாலை நாலரை மணிக்கு, பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில் ஏணிமேல் நின்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் அவர் மனைவிதான். அவர் கீழே பார்க்காமலே, "ஏணியக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, ஆடுது" என்றார். அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

காரணத்தைத் தேடி எங்கேயும் அலைய வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு முன் அவள் ஒரே பெரிய கணினிக்குள் முப்பது மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, கண்ணுக்குத் தெரியாத நெட்வொர்க் ஒன்றால் அவற்றை இணைத்தாள். "ஒயரே இல்லாம நெட்வொர்க்கா? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே" என்று கேலி பேசியபடி, வெளியிலிருந்து வரவேண்டிய ஒற்றைக் கேபிளை அவர் இழுத்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் என்ன குளறுபடி செய்தாலும் பழைய நிலைக்கே திரும்பிவிட, அந்த நொடியின் நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை அவள் எடுத்தாள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுப்பதுதான் அவள் வழக்கம். அன்று அவசரத்தில், ஓடவிட்டபடியே எடுத்துவிட்டாள். ஏணியைப் பிடிக்கச் சொன்னவரிடம், "வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று எரிந்தும் விழுந்தாள். எட்டே நாளில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. கேட்டது ஒரு கை, அதைக்கூடக் கொடுக்கவில்லையே என்று அவள் மனம் அறுத்துக்கொண்டே இருந்தது.

விடுப்பு முடிந்து வந்து, வகுப்பு கலைந்ததும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாள். கணினிகளோடு அறையும் திரும்பியது. உடைந்த நாற்காலிக்குக் கால் கூடியிருந்தது, ஏணிமேல் அவர் இருந்தார். ஐந்து பத்துக்குக் காவலாளி மெயின் சுவிட்சை இறக்கியதும் காணாமல் போனார்.

அதன்பின் மூன்று வருஷம், வேலைநாள் தவறாமல் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, நாற்பது நிமிடம் அவள் ஏணியைப் பிடித்தாள். முந்தின நாள் வந்தது அவருக்கு நினைவிருக்காது. மகள் பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறிய செய்தியை நூற்றுப் பத்து முறை சொன்னாள். நூற்றுப் பத்து முறையும் அவர், "நேத்துதானேடி எட்டாவதுல சேத்தோம்?" என்று திகைத்து, பிறகு "என் மூளை அவளுக்கு" என்று பூரித்தார். மற்ற ஆசிரியர்களுக்கும் பழகிப்போனது. மின்விசிறி ஓடாவிட்டால் நாலரை மணிக்கு வந்து அவரிடம் யோசனை கேட்டுப் போவார்கள்.

டிஸ்க் நிறைந்துவிட்டது, ஸ்னாப்ஷாட்டை வெள்ளிக்கிழமைக்குள் அழித்துவிட வேண்டும் என்று முதல்வர் ஓலை அனுப்பினார். அதோடு ஒயர்க்காரர் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். "மனசத் தேத்திக்கோம்மா" என்றார் முதல்வர். ஸ்னாப்ஷாட்டை அழித்தால் திரும்பிப் போகும் வழிதான் அழியும், அந்த நேரத்தில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அது நிலைத்துவிடும். தொழில் தெரிந்தவளுக்குத்தான் இது தெரியும். பாதியில் மின்சாரம் போனால் ஸ்னாப்ஷாட்டும் போகும், ஓடிக்கொண்டிருப்பதும் போகும் என்பதும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாணவர்களின் கோப்புகளை வேறிடத்தில் பத்திரப்படுத்தினாள். நாலரைக்கு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாள். அவர் ஏணிமேல் வந்ததும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் ஏணியைப் பிடித்தாள். நிறைந்த டிஸ்க் ஆமையாய் நகர்ந்தது. ஐந்து பத்துக்குத் திரையில் தொண்ணூற்று நான்கு சதவீதம்.

வாசலில் காவலாளி வந்து நின்றார். "அண்ணே, மெயினத் தொட்றாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அவர் கடிகாரத்தையும் ஏணியையும் பார்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்து அவர் நேரம் தவறியது அந்த ஒரு நாள்தான். ஐந்து நாற்பதுக்கு நூறு காட்டியது. அவள் எல்லாக் கணினிகளையும் அணைத்தாள். பிறகு காவலாளிக்குத் தலையாட்டினாள். மெயின் இறங்கியது.

"கரண்ட எவன்டா நிறுத்துனது? மேல ஆளு நிக்கிறது தெரியல?" என்று இருட்டில் ஏணிமேலிருந்து சத்தம் வந்தது.

அவளுக்கு இரண்டு வயது மூத்தவராக இருந்தவர், இப்போது ஒரு வயது இளையவர். படி படியாகக் காலால் தடவி இறங்கினார். அவர் தரையில் நின்றபின்தான் அவள் கையை எடுத்தாள். ஏணியை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள்.