ஒரே உறையில் போன இரண்டு பதில்கள்

1

இந்தக் கதை என் பிழையிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தது போலாகிவிடும்.

இங்கிலாந்தின் மீன்துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில், நேயர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை எனக்கு. (நிலையத்தின் பெயர் வேண்டாம்.) 2019 மார்ச்சில் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து நாடு வெளியேறுவது பற்றிக் காலையில் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்று போனது. அடுத்த வாரம் என் மேசையில் நாற்பத்தொரு கடிதங்கள். வெளியேறச் சொல்கிறவர்களுக்கு நீங்கள் ஊதுகுழல் என்றன சில. ஐரோப்பாவின் கைக்கூலிகள் என்றன மற்றவை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் அனுப்புவோம்: இரு தரப்பும் குறை சொல்வதால், நாங்கள் நடுவில் நிற்பதாகவே நம்புகிறோம்.

அவற்றில் இரண்டு கடிதங்கள் ஒரே முகவரியிலிருந்து வந்திருந்தன. ஒரே வீடுதானே என்று, இரண்டு பதில்களையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினேன். ஒவ்வொரு பதிலுக்கு மேலும் அவரவர் புகாரின் சுருக்கம் இரண்டு வரி இருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: “கிரிம்ஸ்பி துறைமுகத்தின் மேல் கடற்காகங்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒரு” — வேண்டாம். கடற்காகங்களுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: “நாடு இரண்டாகப் பிளந்துகிடந்த அந்த வருடத்தில்” — இதையும் விட்டுவிட்டேன். பிளந்தது நாடு என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது.

மூன்றாவது: நார்மா உறையைப் பிரித்தாள்.

இதிலிருந்தே போகலாம்.

3

நார்மா உறையைப் பிரித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முதல் தாள் அவளுக்கு. இரண்டாவது அவள் கணவன் டெரிக்குக்கு: துறைமுகத்துக்காரர் பேசி முடித்ததும் தொகுப்பாளர் சிரித்தார் என்ற புகார். அதை அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே, சமையலறையிலிருந்து வந்த டெரிக் மேசைமேல் கிடந்த அவளுடைய தாளை எடுத்துப் படித்துவிட்டார்.

டெரிக் முப்பது வருடம் மீன்துறைமுகத்தில் பெட்டி இறக்கியவர். வெளியேற வேண்டும் என்று வாக்களித்தவர். நார்மாவும் அப்படித்தான் என்று மூன்று வருடமாக நம்பியிருந்தார். அவள் அப்படிச் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை. வாக்களித்த அன்று இருவரும் வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து நடந்துபோய், வரும் வழியில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கி, ஒரே பொட்டலத்தில் தின்றுகொண்டு வந்தார்கள்.

“இது நீ எழுதினதா?”

“ஆமா.”

“ஐரோப்பாவாலதான் படகு போச்சுன்னு துறைமுகத்து ஆளு ரேடியோவுல பொய் சொன்னான், அதை யாரும் தட்டிக் கேக்கலைன்னு எழுதியிருக்கே. அந்த ஆளு சொன்னது என் கதைடி. எங்கப்பா படகு போன கதை.”

“படகு போனது எழுபதுல. அதுக்கும் இந்த ஓட்டால ரசா ஊருக்குத் திரும்பிப் போனதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லு. பதினோரு வருஷம் என்கூட வேலை பார்த்தவ. லிதுவேனியாவுக்கே போயிட்டா.”

“மூணு வருஷமா பக்கத்துல உக்காந்து தலையாட்டினியே நார்மா. ஓட்டை விடு, அது உன் இஷ்டம். ஏன் தலையாட்டினே?”

நார்மா மேல்கோட்டைக் கழற்றப் போனாள். (நான் அவளுக்காக நாலு பதில் எழுதிப் பார்த்தேன். நாலும் என் பதில்கள். அடித்துவிட்டேன்.)

அன்று மாலையே டெரிக் ஒரு பையோடு கிளீத்தோர்ப்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

4

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கதை நார்மாவின் தோளருகே நிற்கிறது. இதெல்லாம் எனக்குத் தொலைபேசியில் சொன்னது அவள்தான். டெரிக் என்னிடம் மொத்தம் ஆறு வாக்கியம் பேசியிருப்பார். நடுவில் நிற்பதாக ஊருக்கெல்லாம் எழுதியவன், இரண்டு பேர் இருக்கும் ஒரு கதையில் நடுவில் நிற்க முடியாமல் தடுமாறுகிறேன். டெரிக்குக்கு நியாயமாக ஒரு பத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். “தங்கை வீட்டுச் சோபாவில் டெரிக் தூக்கமில்லாமல்” — தூங்கினாரோ இல்லையோ, எனக்கு என்ன தெரியும்?

5

எட்டாவது நாள் நார்மா அழைத்தாள்.

“உறையை ஒட்டினது நீதானே தம்பி?”

“ஆமாம்மா. தப்புதான்.”

“தப்புன்னு எழுதி ஒரு கடிதம் போட்டுடாதே. அந்த நிகழ்ச்சியை எங்க ரெண்டு பேருக்கும் போட்டுக் காட்டு. அவரை வரச் சொல்லியிருக்கேன்.”

நேயர்களை உள்ளே அழைத்துப் பதிவைப் போட்டுக்காட்ட எனக்கு அனுமதி கிடையாது. போட்டேன்.

நார்மா காரில் வந்தாள், டெரிக் பேருந்தில். ஜன்னலில்லாத சின்ன அறையில் எனக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பதிவில் அந்தத் துறைமுகத்துக்காரர் தன் அப்பாவின் படகை உடைத்து விறகாக விற்றதைச் சொன்னார். சொல்லி முடித்ததும், தொகுப்பாளரிடமிருந்து ஒரு சிறு மூச்சு. சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. சிரிப்பில்லை என்றும் முடியாது.

“திரும்பப் போடு” என்றாள் நார்மா.

போட்டேன்.

“இன்னொரு தடவை.”

மூன்றாவது முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“சிரிக்கிறான்” என்றாள். “டெரிக், அவன் சிரிக்கிறான். அன்னைக்கு நான் கேக்கவே இல்லை. அந்த ஆளு எப்ப முடிப்பான்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

டெரிக் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“நான் அதோட ரேடியோவை அணைச்சிட்டேன்” என்றார். “அதுக்கப்புறம் என்ன வந்துதுன்னு தெரியாது.”

“அப்புறம் ஒரு நர்ஸ், கூட வேலை பார்த்தவங்க ஊரைவிட்டுப் போறதைப் பத்திப் பேசினா. நாப்பது செகண்ட்.”

“போடு தம்பி.”

கேட்டார். முகம் மாறவில்லை.

“அதைக் கேட்டும் என் எண்ணம் மாறலை நார்மா.”

“என்னுதும்தான். மறுபடி வச்சாலும் அதே ஓட்டுதான் போடுவேன்.”

“போடு. ஆனா என்கிட்ட சொல்லிட்டுப் போடு.”

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் இருவரும் கைகோத்துக்கொண்டு போனார்கள். அதைப் படித்து எனக்கே கூசியது. இரண்டாவதில் டெரிக் பேருந்துக்கு நடந்தார். மூன்றாவதில் என் வேலை போனது. அது மட்டும் உண்மை, ஆனால் அது வேறு கதை.

நடந்தது இவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டது. டெரிக் தன் பேருந்தைப் போகவிட்டார். இருவரும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள், வண்டி கிளம்பவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியெல்லாம் உள்ளிருந்து ஆவி படிந்து வெளுத்துவிட்டது. உள்ளே சண்டையா, பேச்சா, சும்மா இருந்தார்களா, தெரியவில்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு ஒரு கை முன்கண்ணாடியை ஒரு வட்டம் துடைத்தது. விளக்கு எரிந்தது. கார் வாசலுக்கு வந்து நின்றது.

அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் கிளீத்தோர்ப்ஸ். வலப்பக்கம் திரும்பினால் அவர்கள் வீடு.

எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்தேன். அதைச் சொல்லும் உரிமையை அந்த உறையை ஒட்டியபோதே இழந்துவிட்டேன். காரை நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள்.