கணக்கில் வராத சாவு

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஜானவி துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

“வாடா சுமந்த். மாமாவைப் பாரு. நீ சொன்னபடியே ஆத்துக்கு அழைச்சுண்டு வந்துட்டோம்.”

முடிச்சு நழுவியது. ஜானவி மறுபடி போட்டாள்.

சுமந்த் ஸ்ரீவராகத்தில் இதே தெருவில், நாலு வீடு தள்ளி வளர்ந்தவன். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர். அப்பாவுக்கு வைத்தியம் பார்த்ததும் அவன்தான். நேற்று ஐ.சி.யூ. வாசலில், “மாமி, இனி இங்க வெச்சுண்டு என்ன பண்றது? மாமாவுக்கு ஆத்துல இருக்கணும்னுதானே ஆசை. நாளைக்கே அழைச்சுண்டு போயிடுங்கோ” என்றான். அம்மா அழுதுகொண்டே அவனை ஆசீர்வாதம் செய்தாள். இன்று காலை அறையைத் துடைத்துக் கட்டில் போட அவள் முன்னால் வந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் அப்பாவோடு ஜானவியும் மலையாளி நர்ஸ் லிபியும் மட்டும்தான்.

ஈஞ்சக்கல் நெரிசலில் வண்டி நின்றது. ஆக்ஸிஜன் தீர்ந்தது. தரையில் போட்ட மீனைப் போல அப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது. ஜானவியின் துப்பட்டாவை இழுத்தார்.

“திருப்பச் சொல்லுங்கோ சேச்சி. ஐ.சி.யூ.க்கே போயிடலாம்.”

“இனி எடுக்க மாட்டாங்க மோளே. வெள்ளிக்கிழமை சாரோட ரிவ்யூ அல்லே? ஆறு மாசத்துல சாரோட பேஷன்ட் எத்தனை பேர் மரிச்சுன்னு கமிட்டி நோக்கும். ஏற்கெனவே கூடுதலா. டிஸ்சார்ஜ் ஆயி வெளிய மரிச்சா கணக்குல வராது.”

கடைக்கு ஏன் லீவு என்று சொல்வதுபோல லிபி சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

வீட்டில் அம்மா கேட்டபோது, “தூங்கற மாதிரியே போயிட்டார்மா” என்று ஜானவி சொல்லிவிட்டாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

சுமந்த் உள்ளே வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றான். சட்டை மடிப்புக் கலையவில்லை. அவன் கையிலிருந்து சானிடைசர் வாசனை வந்தது.

“ரொம்பக் கஷ்டப்பட்டாரா?” என்று அவளிடம் கேட்டான்.

“ஒரு கஷ்டமும் இல்லேடா. தூக்கத்துல போன மாதிரி. எல்லாம் உன் புண்ணியம்” என்றாள் அம்மா.

அவன் தலையாட்டினான். அவன் முன்னால் ஜானவி அதிகம் பேசியதில்லை. இப்போது கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை ரிவ்யூவா?”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான்.

“என்னடா ரிவ்யூ?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லை மாமி. ஆஸ்பத்திரியில எல்லா டாக்டருக்கும் உள்ளதுதான்.”

அம்மாவின் முகத்தில் காலையிலிருந்து இருந்த அந்த ஒரே ஆறுதலை ஜானவி பார்த்தாள். அப்பாவின் கால் முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

“நன்னா நடக்கும்டா. மாமா பார்த்துப்பார்” என்றாள் அம்மா.

சாஸ்திரிகள் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார். அரிசித் தட்டு ஜானவியின் கையில் இருந்தது. உறவுக்காரர்கள் போட்டு முடித்ததும் அம்மா, “நீயும் போடு சுமந்த். பிள்ளைக்குப் பிள்ளையா இருந்தே” என்றாள்.

ஜானவி தட்டைத் தாழ்த்தவில்லை. அவன்தான் கையை உயர்த்தி எடுத்தான். போட்டான். கும்பிட்டுவிட்டுச் சட்டென்று விலகிப் போனான். அவன் போட்டதில் பாதி உள்ளே போகாமல் அப்பாவின் உதட்டிலும் தாடையிலும் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஜானவி தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு அரிசியாக நகத்தால் எடுத்தாள்.

“பாவம், அப்பாவை விட மனசு வரல்லை அவளுக்கு” என்றாள் அம்மா.

வாயோரத்தில் இன்னும் ஒன்று இருந்தது. அதையும் எடுத்தாள்.