ரூட்டுக்கு எந்த ஷெல்

பள்ளிபாளையத்து நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தெட்டில். முதலாளிக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு நாள் நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றிருந்தார். அது போனால் அதைப் பார்த்துக்கொள்ளும் சௌந்திரத்தின் வேலையும் போகும். அவள் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

நாம் தட்டும் கட்டளையை வாங்கி மெஷினை நடத்துவது ஷெல். சேலத்திலிருந்து வந்த இன்ஜினியர் காளியண்ணன் புது ஷெல் ஒன்றை இரண்டாவது டிஸ்கில் ஏற்றி, சௌந்திரத்தின் கணக்குக்கு அதையே வைத்தார். முன்பு தட்டியதை நினைவில் வைத்துக்கொள்ளும் கெட்டிக்கார ஷெல். 'ரூட்' என்ற தலைமைக் கணக்குக்கும் அதுதானா, முதல் டிஸ்கில் இருக்கும் பழையதே போதுமா என்று கேட்டார்.

பந்தியில் முதல் இலை பெரியவர்களுக்கு என்று வளர்ந்தவர் மேனேஜர் சென்னியப்பன்.

"ஏனுங் தம்பி, ஊட்டுப் பெரியவருக்குப் பழைய சோறு, மத்தவங்களுக்கு நெய்ச்சோறா? நல்லாருக்குது உங்க நாயம்."

சௌந்திரமும் சரியென்று தலையாட்டினாள். காளியண்ணன் வாதாடவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்தார். ரூட்டுக்குப் புதியதை வைத்தார். மெஷினை அணைத்து, இரண்டாவது டிஸ்கின் வயரைக் கழற்றிவிட்டு மெஷினை மறுபடி போட்டார். ஷெல் இல்லையென்று ரூட்டையே வெளியே நிறுத்திவிட்டது மெஷின். வயரை மாட்டி, பழையதை வைத்து, மீண்டும் கழற்றிப் பார்த்தார். ரூட் உள்ளே வந்தது.

"டிஸ்க் படுத்துட்டா எழுப்பறது ரூட்டுதானுங்கக்கா. அவரும் அதுக்குள்ளயே மாட்டிக்கிட்டா யாரு எழுப்பறது?"

சென்னியப்பன் சிரித்துவிட்டார். "அப்ப இருக்கறதே இருக்கட்டும் அம்மிணி." டிஸ்கைச் சரிசெய்யும் வழியையும் அவள் கையாலேயே செய்ய வைத்துவிட்டுத்தான் காளியண்ணன் எழுந்தார்.

ஆடிக் காற்றில் ஒரு காலை மின்சாரம் போய்ப் போய் வந்தது. மெஷின் எழுந்தபோது இரண்டாவது டிஸ்க் எழவில்லை. அவள் கணக்கு உள்ளே விடவில்லை. முருகா என்று ரூட் பெயரைத் தட்டினாள். திறந்தது. அன்று செய்ததையே செய்தாள். டிஸ்க் எழுந்தது. முதலாளி வந்தபோது ஈரோட்டு லாரிக்குச் சரக்குச் சீட்டு அச்சாகிக்கொண்டிருந்தது. அவர் நேரே தன் அறைக்குப் போனார்.

தெய்வம் எல்லோருக்கும் நேரில் வருவதில்லை. சிலருக்குப் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு மனிதரை அனுப்பிவைக்கிறது.

சென்னியப்பனே சேலத்துக்கு டிரங்க் கால் போட்டு போனை அவளிடம் கொடுத்தார்.

"மெஷின் நின்னுருச்சுங்களாக்கா?" என்று பதறினார் காளியண்ணன்.

"நிக்கலீங்க சாமி. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."