பதினெட்டாவது ஃபைல்

திங்கட்கிழமை காலை வஹிதா கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளேயிருந்து டக் டக் என்று ஏதோ அடித்துக்கொண்டது. திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே சத்தம், அதே வரி. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

1989 மார்ச் மாதம் அது. நல்லம்பள்ளியில் ஒரு டிரஸ்ட் நடத்திய காசநோய் மையத்தில் அவளுக்கு வேலை. மேனேஜர் சவுரியப்பன், நர்ஸ் தெரசா, டேட்டா என்ட்ரிக்கு வஹிதா, இவ்வளவுதான் ஆட்கள். தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தாள். நானூற்றுச் சொச்சம் நோயாளிகளின் பெயர், ஊர், மாத்திரை வாங்கிய தேதி எல்லாம் அந்த மெஷினுக்குள் இருந்தது. ஜனவரியிலிருந்து அட்டையில் எழுதுவதையே சவுரியப்பன் நிறுத்திவிட்டிருந்தார். "ரெண்டு எடத்துல எழுதி என்னத்துக்கு? இனிமே எல்லாம் மெஷின்லயே இருக்கட்டும்" என்றார்.

டிஸ்க் போனதில் அவள் அதிகம் பயப்படவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நோயாளிகளின் விவரத்தை ஃபிளாப்பியில் காப்பி எடுத்து வைத்திருந்தாள். சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து புதன்கிழமையே புது டிஸ்க் மாட்டிவிட்டுப் போனான். ஃபிளாப்பியைச் செருகிய பிறகுதான் விஷயம் புரிந்தது. விவரம் இருந்தது. அதைத் திறக்கும் புரோகிராம் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. அதையும் காப்பி எடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அன்று மதியம் தெரசா ஒரு கவரோடு வந்தாள்.

"சித்தேரி முனிராஜோட சளி டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு வஹிதா. நாம குடுக்கற மாத்திரை அவருக்குக் கேக்கலையாம். ஒடனே மருந்தை மாத்தணும். அவுங்க ஊருக்கு ஆள் அனுப்பிச்சேன், குடும்பத்தோட வேலைக்குப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க. எங்கன்னு அங்க யாருக்கும் தெரியலை. போன மாசம் வந்தப்ப அட்ரஸ் குடுத்தாராமே?"

"குடுத்தாருங்கக்கா. நீங்க கேம்ப்புக்குப் போயிருந்தீங்க. நான்தான் ஏத்தினேன்."

"எந்த ஊரு?"

வஹிதா யோசித்தாள். முனிராஜின் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது. உயரமான ஆள், இருமும்போது தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். கல் உடைக்கும் வேலை என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஊர் வரவில்லை. அன்றைக்கு மட்டும் நாற்பது பேருக்கு விவரம் ஏற்றியிருந்தாள்.

"கல்குவாரிக்கா. ஊர் பேரு வரலை."

"பரவால்ல. மெஷின்ல பார்த்துச் சொல்லு" என்றாள் தெரசா.

ஃபிளாப்பியில் இருந்ததை அப்படியே திரையில் ஓடவிட்டுப் பார்த்தாள் வஹிதா. எழுத்துக்குப் பதில் சிரித்த முகங்களும் சீட்டுக்கட்டு இதயங்களும் கோடுகளுமாக ஓடின. நடுநடுவே மெஷின் பீப் பீப் என்று கத்தியது. இடம் மிச்சமாக வேண்டும் என்று எழுத்துகளை எல்லாம் நசுக்கி, மூட்டை கட்டி வைக்கும்படி புரோகிராமை எழுதியிருந்தார்கள். முனிராஜ் போன ஊர் அந்தக் குப்பைக்குள் எங்கோ இருந்தது.

புரோகிராமை எழுதியவர் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு மாதம் இங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு இன்ஜினியர். அவர் விட்டுப்போன பெட்டியில் ஏழு ஃபிளாப்பிகள் இருந்தன. நான்கில் கம்பைலர், எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் சாமான். ஒன்றில் அவர் கைப்பட எழுதிய புரோகிராம். இரண்டில் லைப்ரரி. விவரங்களை மூட்டை கட்டுவது, அவிழ்ப்பது, தேடுவது என்று புரோகிராமுக்கு வேண்டிய எடுபிடி வேலையெல்லாம் செய்யும் பதினெட்டு ஃபைல்கள்தான் அந்த லைப்ரரி. எதுவும் ஓடும் நிலையில் இல்லை. பதினெட்டையும் கம்பைலரில் கொடுத்து ஒன்றாகக் கட்டி, அதை புரோகிராமோடு சேர்த்தால்தான் உயிர் வரும். எப்படிக் கட்டுவது என்று ஒரே ஒரு பக்கம் டைப் அடித்த காகிதம் இருந்தது.

"உன்னால முடியுமாம்மா?" என்று சவுரியப்பன் கேட்டார்.

"பார்க்கிறேங்க சார்" என்றாள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை கம்பைலரை ஏற்றினாள். காகிதத்தில் இருந்தபடி ஆணையைக் கொடுத்ததும் திரை நிறையத் தப்புகள் வந்தன. நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றாக எழுதி வைத்துப் படித்துப் பார்த்ததில் எல்லாமே ஒரே தப்பு. இன்ஜினியர் வைத்திருந்த இடத்தில் ஃபைல்கள் இல்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய ஒரு மதியம் ஆனது. வெள்ளிக்கிழமை முதல் ஃபைல் கட்டியானது, இரண்டாவது, மூன்றாவது. ஆறாவது போய்க்கொண்டிருக்கும்போது கரன்ட் போய்விட்டது. வந்ததும் பாதியில் நின்றது கெட்டுக் கிடந்தது. கோடை தொடங்கியிருந்தது, தினமும் மூன்று மணி நேரம் கரன்ட் இருக்காது. அந்த நேரத்தில் வஹிதா ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். ஓசூர், பாகலூர், தளி, ஆனேக்கல். எதுவும் மனதில் ஒட்டவில்லை. எல்லாமே சரி மாதிரியும் இருந்தது, எதுவுமே இல்லை மாதிரியும் இருந்தது.

சனிக்கிழமை பதினேழு ஃபைல் முடிந்தது. பதினெட்டாவதில் எல்லாம் நின்றது. அந்த ஃபைல் மற்றவை எழுதிய மொழியில் இல்லை. வேகத்துக்காக அதை மட்டும் மெஷினின் சொந்த பாஷையில் எழுதியிருந்தார். அதைக் கட்ட அசெம்பிளர் என்று வேறொரு சாமான் வேண்டும். ஏழு ஃபிளாப்பியிலும் அது இல்லை. மூட்டையை அவிழ்க்கும் வேலை முழுக்க அந்த ஒரு ஃபைலுக்குள்தான் இருந்தது.

பெங்களூரில் இன்ஜினியரின் கம்பெனிக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். இன்ஜினியர் மஸ்கட் போய் ஒரு மாதம் ஆகிறது என்றார் போனை எடுத்தவர். அசெம்பிளரைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்.

ஐந்து நாள் கழித்து வெள்ளைக் கவரில் ஃபிளாப்பி வந்தது. தபால் ஆபீஸ் முத்திரை கவரின் நடுவில், சரியாக ஃபிளாப்பியின் மேல் பலமாக விழுந்திருந்தது. செருகினாள். கறகற என்று தேய்த்துவிட்டு, படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று மெஷின் கேட்டது. மறுபடி என்று அழுத்தினாள். மறுபடி. மறுபடி. தெரசா பின்னால் வந்து நின்றதே அவளுக்குத் தெரியவில்லை.

"போதும் வஹிதா" என்றாள் தெரசா.

"அவரு கையில ஒரு மாசத்து மாத்திரைதானே இருந்துச்சுக்கா?"

"ஆமா. அது இந்நேரம் தீர்ந்திருக்கும். இருந்தும் பிரயோஜனம் இல்லையே."

வஹிதா அன்று வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். அவள் அப்பா முகம்மது கவுஸ் தருமபுரியில் பாய்க்கடை வைத்திருந்தார். தனியாகப் பெங்களூர் போக வேண்டும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயந்துகொண்டே கேட்டாள். "அந்த ஆளுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார். ஒரு பெண் குழந்தை என்றாள். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவரே கூட வந்தார். அந்தக் கம்பெனியின் மாடிப்படியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அசெம்பிளரை இரண்டு ஃபிளாப்பியில் காப்பி எடுத்து, இரண்டையும் அங்கேயே படிக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வஹிதா இறங்கி வந்தாள். பஸ்ஸில் வரும்போது ஃபிளாப்பிகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

பதினெட்டாவது ஃபைல் கட்டியானது. லைப்ரரி தயார். புரோகிராமோடு சேர்த்தபோது ஒட்டவில்லை. அந்தக் கம்பைலரில் சின்னது, பெரியது என்று இரண்டு அளவு உண்டு. காகிதத்தில் எழுதியிருந்தபடி லைப்ரரியைச் சின்ன அளவில் கட்டியிருந்தாள்; புரோகிராம் பெரிய அளவைக் கேட்டது. இன்ஜினியர் பிற்பாடு மாற்றியிருக்க வேண்டும், காகிதத்தைத் திருத்த மறந்திருக்கிறார். காரணம் புரியவே ஒன்றரை நாள் ஆனது. பதினெட்டையும் முதலிலிருந்து கட்டினாள். கரன்ட் போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் மடக்கிக்கொண்டு இருண்ட திரையின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். சவுரியப்பன் டீ வாங்கி வைத்தார். அது ஆறிப் போனது.

டிஸ்க் கெட்டு பதினாறு நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை மதியம் மூன்று மணி சுமாருக்கு புரோகிராம் திறந்தது. முனிராஜ் என்று அடித்தாள். தெரசா பேனாவும் தாளுமாக ஓடி வந்தாள்.

பெயர் வந்தது. வயது வந்தது, முப்பத்தாறு. முகவரி என்ற இடத்தில் இங்கிலீஷில், "கேர் ஆஃப் நஞ்சப்பன் ஸ்டோன் குவார்" என்று இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

வஹிதா மேலும் கீழும் தேடினாள். மூடித் திறந்தாள். பிறகு இன்ஜினியர் எழுதிய புரோகிராமையே எடுத்து வரிவரியாகப் பார்த்தாள். முகவரிக்கு இருபத்து நான்கு எழுத்துதான் இடம். அடிக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். உள்ளே வைக்கும்போது இருபத்து நான்கோடு வெட்டிவிடும். சொல்லாமல் வெட்டிவிடும். அவள் முழுசாகத்தான் அடித்திருந்தாள். ஊர்ப்பெயர் அன்றைக்கே, முனிராஜ் அவள் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போதே, காணாமல் போயிருந்தது.

"அப்ப இத்தனை நாளும் இதுக்குள்ள அது இல்லவே இல்லையா?" என்று தெரசா கேட்டாள்.

"இல்லைக்கா."

தெரசா பேனாவை மூடினாள். திட்டுவாள் என்று வஹிதா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நஞ்சப்பன் என்ற பெயரை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஓசூர், ஆனேக்கல் பக்கம் குவாரி குவாரியாக அலைந்தார்கள். ஒரே நாளில் மூன்று நஞ்சப்பன்களைப் பார்த்தார்கள். ஒருவர் குவாரி முதலாளி, ஒருவர் லாரி டிரைவர், ஒருவர் காது கேட்காத கிழவர். யாருக்கும் முனிராஜைத் தெரியவில்லை. "ஆளுங்க வருவாங்க, போவாங்க. பேரு யாருங்க கேட்டு வெச்சுக்கறாங்க?" என்றார் லாரி டிரைவர்.

ஜூன் மாதம் ஒரு காலையில் ஒரு பெண், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மையத்துக்குள் வந்தாள். முனிராஜின் சம்சாரம் காசியம்மாள் என்று சொன்னாள். அவர் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது என்றாள். தெரசா அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"எங்கம்மா இருந்தீங்க?"

"கனகபுராவுலங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் வஹிதாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கே, ஏ, என், ஏ என்று விரல்கள் தட்டியதுகூட.

"மாத்திரை தீர்ந்ததும் வந்திருக்கலாமே" என்றாள் தெரசா மெதுவாக.

"நடக்க முடியலைங்க அவரால. நான் வந்து வாங்கியாறேன்னேன். எங்களைத் தனியா உட்டுட்டுப் போவாதேன்னாரு. அவுங்ககிட்ட அட்ரஸ் குடுத்திருக்கறேன், ஏதாச்சும்னா அவுங்களே வருவாங்கன்னாரு."

வஹிதா எழுந்து வந்து காசியம்மாளின் முன்னால் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். டிஸ்க் கெட்டது, புரோகிராமைக் கட்டியது, இருபத்து நான்கு எழுத்து, எல்லாவற்றையும். தப்பு தன்னுடையது என்றாள். எழுதி வைக்காமல் விட்டது தான்தான் என்றாள். சொல்லச் சொல்ல, அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

காசியம்மாள் பொறுமையாகக் கேட்டாள். "மெஷினு கெட்டுப்போனா நீ என்ன பண்ணுவ கண்ணு" என்றாள். பிறகு தெரசாவின் பக்கம் திரும்பினாள். "இதுவும் ஒரு மாசமா இருமுதுங்க. சாயந்தரமானா ஒடம்பு சுடுது. அதுக்குத்தான் வந்தேன்."

தெரசா குழந்தையை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினாள். பதினோரு கிலோ. வயது ஐந்து. மறுநாள் காலை தருமபுரியில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதுவரை அவசரப்பட்டு எதுவும் சொல்ல முடியாது என்றாள். இருவரையும் அன்று தன் வீட்டில் தங்கச் சொன்னாள். குழந்தை எடை மெஷினிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, முள் ஆடுவதைப் பார்த்தபடி அதன் மேலேயே குதித்துக்கொண்டிருந்தது.