முள் ஏறாத டயர்

மாரிச்செல்வத்துக்கு வாய் என்று ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பூ நிறுத்துக் கொடுக்கிற ஆள். பைக்கில் ஒருமுறை சறுக்கி விழுந்த பிறகு அதைத் தொடவே பயந்து, தன் ஊரிலிருந்து தினமும் சைக்கிளில்தான் வருவான். வழியெல்லாம் சீமைக்கருவேலம். முள் குத்தாத வாரம் கிடையாது.

குத்தினால் அவனுக்குச் சந்தோஷம்தான். டவுனுக்குள் நுழைகிற இடத்தில் பொன்னுச்சாமியின் சைக்கிள் கடை இருந்தது. அவருக்கு இடுப்பு முடியாமல் போன பிறகு கடையைப் பார்த்துக்கொண்டது மகள் அனு. அவள் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடும்போது அவன் ஸ்டூலில் உட்கார்ந்து மல்லிகை விலை, பிச்சி வரத்து என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவளும் வேலையை இழுத்து இழுத்துத்தான் செய்வாள். இரண்டு வீட்டுக்கும் தூரத்துச் சொந்தம். பெண் கேட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கேட்க வேண்டியதுதான் பாக்கி. அதை அவன் ஒவ்வொரு பஞ்சரின்போதும் அடுத்த பஞ்சருக்குத் தள்ளிப்போட்டான்.

சித்திரையில் ஒரு நாள் அனு பின்சக்கரத்தைச் சுற்றிக் காட்டினாள்.

"ஒட்டுக்கு மேல ஒட்டு போட்டுக்கிட்டு இருக்கேன். டயரை மாத்திருங்க."

"எதைப் போடலாம்?"

அவள் மூன்றை எடுத்து வைத்தாள். "இது சாதா. மிதிக்க லேசா இருக்கும், ஆனா உங்க ஊர்ப் பாதைக்குத் தாங்காது. இது காத்தே வேண்டாத டயர். பஞ்சர்ங்கிற பேச்சே கிடையாது, ஆனா கல்லுல ஏறி இறங்குனா முதுகு போயிரும். இந்தா, இது உள்ள கெட்டியா ரப்பர் பட்டை வச்சது. கொஞ்சம் கனம். முள்ளு ஏறாது. நான்னா இதைத்தான் போடுவேன்."

"அப்ப இனி பஞ்சரே ஆகாதா?"

"ஆகாது" என்று சொல்லிவிட்டு அவள் அவன் முகத்தையே பார்த்தாள். இவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாரா வாரம் வந்து உட்காருவது அவளுக்குத் தொந்தரவாகிவிட்டது, அதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். டயரைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

டயர் என்னவோ அருமையான டயர். வைகாசி போனது, ஆனி போனது, ஒரு முள் ஏறவில்லை. கடையைத் தாண்டும்போது அனு நிமிர்ந்து பார்ப்பாள். இவன் பெல்லை ஒரு அடி அடித்துவிட்டுப் போவான். காற்று அடிக்கவாவது நின்றிருக்கலாம். அதற்கும் வீட்டில் பம்பு வாங்கி வைத்துக்கொண்டான், மடையன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அவளை எதிரே கண்டும், அவள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவினான்.

ஆவணியில் அவனுக்குத் தாங்கவில்லை. பார்க்காமல் இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று கிளம்பினான். அப்போதும் சும்மா போய் நிற்க மனம் வரவில்லை. வழியில் நல்ல நீளமான முள்ளாக ஒடித்து டயரில் வைத்து அமுக்கினான். முள் முறிந்தது. இன்னொன்று அவன் விரலில் ஏறியது. கடைசியில் வால்வைத் திருகிக் காற்றை இறக்கிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனான்.

அனு டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கினாள். ஒரு சுற்று முழுக்கப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ஓட்டையே இல்லையே."

அவன் முள் ஏறிய விரலை மடக்கி மறைத்தான்.

"நீங்களே காத்தை இறக்கி விட்டீங்களா?"

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. டியூபைத் துடைத்தபடியே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை ராயகிரியில இருந்து வந்து எனக்குப் பேசி முடிச்சு, பூ வச்சுட்டுப் போயிட்டாங்க."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ராயகிரிக்காரர்கள் என்று சொல்லி நாலைந்து பேர் வந்து, மொட்டு விரியாத மல்லிகையாகப் பார்த்து வாங்கிப்போனது அவனுக்கு நினைவு வந்தது. நல்ல காரியம் என்றார்களே என்று ஒரு கை கூடுதலாகவே போட்டு நிறுத்துக் கொடுத்திருந்தான்.

"எதுக்கு அந்த டயரைப் போடச் சொன்னேன்னு நெனச்சீங்க?" என்றாள். "பஞ்சர் ஆகாட்டியும் வாரீங்களான்னு பாக்கத்தான்."

"நான் வாரது ஒனக்குத் தொந்தரவுன்னுல்லா நெனச்சேன்."

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல."

"மூணு மாசமா எங்க அப்பா சொன்ன எடத்தையெல்லாம் வேண்டாம் வேண்டாம்னு தள்ளிக்கிட்டு இருந்தேன். எத்தனை நாளைக்குத் தள்ள முடியும்?"

அவள் டியூபை உள்ளே தள்ளி, டயரை மாட்டி, காற்று அடித்தாள். அவனுக்கு அழுகை முட்டியது. வேண்டாமென்று சொல்லிவிடு, இப்போதே வீட்டில் பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். உள்ளே பொன்னுச்சாமி யாரிடமோ போனில் மண்டபம் பேசி முடித்தாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டான்.

"ஒரு காரணமும் இல்லாம எப்படி வந்து நிக்கதுன்னு..." என்று இழுத்தான்.

அனு சைக்கிளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பிரேக்கு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள்.